கூத்து இரவுக்கும் குளக்கட்டுக்கும்: ஓஎம்-1 மார்க் 2 ஆ, நிக்கோன் இசட்8 ஆ?

மருதமரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். நானும் தம்பியும் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறோம். கல்யாணம், சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம், கல்வெட்டுக்கு (இறந்தவர் நினைவாக அச்சடிக்கிற புத்தகம்) பழைய படத்தைப் பெருப்பித்துக் கொடுப்பது என்று வருகிற வேலை எல்லாம் செய்கிறோம். கையில் இருப்பது நிக்கோன் டி7200. சட்டருக்கு ஒன்றரை இலட்சம் தடவை என்று சொல்லி விற்ற கமரா, ஒன்றே முக்கால் இலட்சத்தைத் தாண்டியும் உழைக்கிறது. இனியும் அதை நம்பிக் கல்யாண வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது.

சீட்டுக்காசு இந்த மாதம் கைக்கு வருகிறது. அதோடு தம்பியின் சேமிப்பையும் போட்டு ஒரு நல்ல மிரர்லெஸ் கமரா வாங்கப் போகிறோம். தேடித் தேடிக் கடைசியில் இரண்டில் வந்து நிற்கிறேன். ஒன்று ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 மார்க் 2. மற்றது நிக்கோன் இசட்8.

கல்யாண வீடுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் நான் மனம் வைத்துச் செய்ய விரும்புகிற வேலை இரண்டு. ஒன்று எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்து. வட்டக்களரி போட்டு, இரவு தொடங்கினால் விடியும் வரைக்கும் ஆடுவார்கள். கைபேசியில் பலரும் வீடியோ எடுக்கிறார்கள். ஆனால் முகங்களையும், கால் வைப்பையும், பின்னால் இருந்து உடுப்புக் கட்டுகிறவர்களையும் ஒழுங்காகப் படமாக்கி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. வயதான அண்ணாவிமார் (கூத்துப் பழக்குகிற ஆசான்மார்) இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும். மற்றது தண்ணிமுறிப்புக் குளத்துப் பறவைகள். விடியற்காலையில் ஸ்கூட்டியில் போய் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டு, கடை திறக்கத் திரும்பிவிடுவேன்.

என் குழப்பம் இதுதான். ஓஎம்-1இன் சென்சர் 17.3க்கு 13 மி.மீ. இசட்8இன் சென்சர் 35.9க்கு 23.9 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் சின்னது பெரியதில் கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அப்படியென்றால் படமும் நான்கில் ஒரு பங்குதானா? வீடியோக்களில் ஒருவர் அது விளையாட்டுச் சாமான் என்கிறார், இன்னொருவர் வித்தியாசமே இல்லை என்கிறார். எங்கள் வெயிலிலும் எங்கள் இருட்டிலும் பாவித்துப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வவுனியாக்காரன் எழுதியது:

ஃபுல் ஃப்ரேம் (இசட்8 மாதிரிப் பெரிய சென்சர்) எடுங்கள் தங்கச்சி, யோசிக்க வேண்டாம். நான் பதினொரு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். மண்டபத்தில் லைற்றை அணைத்துவிட்டுப் பொம்பிளை மாப்பிள்ளையை நடத்திக் கூட்டி வருகிற பழக்கம் இப்போது எல்லா இடமும் வந்துவிட்டது. அந்த நேரத்தில் சென்சர் பெரிதாக இருந்தால் நிம்மதி. வெள்ளை வேட்டி, கருமையான முகம், பின்னால் மினுங்குகிற மணவறை, மூன்றும் ஒரே படத்தில் வரும். வேட்டி வெளுத்துப் போகாமல் கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு முகத்தைக் கணினியில் தூக்குவேன். அப்படித் தூக்கும்போதுதான் பெரிய சென்சரின் அருமை தெரியும்.

ஆனால் மெகாபிக்சலுக்காக இசட்8 எடுக்காதீர்கள். 12க்கு 18 அங்குல அல்பப் பக்கத்துக்கு 20 மெகாபிக்சல் தாராளம். இசட்8இல் 45.7. தரம் இழக்காமல் சுருக்கிய ரா கோப்பு (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) ஒன்று சுமார் 50 எம்பி வரும். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 150 ஜிபி. கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான் இசட்6 III வைத்திருக்கிறேன். அதே அளவுச் சென்சர், 24.5 மெகாபிக்சல், விலையும் குறைவு.

துருசடி எழுதியது:

தங்கச்சி, நான் வவுனிக்குளத்துப் பக்கம். 2022 கடைசியிலிருந்து ஓஎம்-1 என்னிடம் இருக்கிறது. முதல் பதிப்பு. மார்க் 2இலும் அதே 20.4 மெகாபிக்சல் சென்சர்தான். போன ஆவணியில் அக்காவின் மகன் கனடாவிலிருந்து வந்தவன், தன் இசட்8, 180-600 லென்ஸ், 85 எஃப்/1.8 லென்ஸ் மூன்றையும் என்னிடம் விட்டுவிட்டு, அடுத்த முறை வரும்வரை பாவியுங்கள் மாமா என்று சொல்லிப் போனான். அதனால் ஒன்பது மாதமாக இரண்டும் என் வீட்டில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் இரண்டாலும் எடுத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நான்கில் ஒன்று என்ற உங்கள் கணக்குச் சரி. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. படத்துக்குள் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதில் சென்சருக்கும் பங்கு உண்டு, லென்ஸின் வாய்க்கும் பங்கு உண்டு. என்னுடைய 300 எஃப்/4 லென்ஸை எடுங்கள். குவியத்தூரம் 300ஐ எஃப் எண் நான்கால் வகுத்தால் 75 மி.மீ. அதுதான் அதன் வாய். சின்னச் சென்சரில் அது ஃபுல் ஃப்ரேமின் 600 அளவுக்குக் கிட்டக் கொண்டு வரும். மருமகனுடைய 180-600, 600இல் எஃப்/6.3. வகுத்தால் 95 மி.மீ. இரண்டு வாயின் பரப்பையும் ஒப்பிட்டால் இசட்8 பக்கம் ஒன்று புள்ளி ஆறு மடங்கு வெளிச்சம் போகிறது. நான்கு மடங்கு இல்லை. இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) என்று எல்லோரும் சொல்கிற வித்தியாசம், இந்தச் சோடியில் முக்கால் ஸ்டொப்புக்கும் உள்ளே வந்துவிடுகிறது. குளக்கட்டில் காலை வெயிலில் எடுத்த படங்களை அருகருகே வைத்தால், எது எதிலிருந்து வந்தது என்று நானே கோப்பின் பெயரைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மிகவும் வெட்டிப் பெருப்பித்தால் மட்டும் 45 மெகாபிக்சல் தன் வேலையைக் காட்டும்.

இனிப் பாரம். ஓஎம்-1 பற்றரி, கார்டோடு 599 கிராம். 300 எஃப்/4 லென்ஸ், முக்காலியில் பூட்டுகிற அடிப்பட்டியைக் கழற்றினால் 1,270 கிராம். இசட்8 910 கிராம். 180-600 அதே மாதிரிக் கழற்றி 1,955 கிராம். ஒரு பக்கம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, மற்றப் பக்கம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கிலோ என்று எழுத்தில் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். துருசடியில் (குளத்து மதகடியில்) மீன்கொத்திக்காகக் காத்துக்கொண்டு கையை இறக்காமல் இருபது நிமிடம் நின்றால் அந்த ஒரு கிலோ தோளில் ஏறி உட்காரும். இசட்8ஐக் கொண்டு போன நாட்களில் நான் ஒரே இடத்தில் முக்காலி போட்டு நின்றேன். ஓஎம்-1ஐக் கொண்டு போன நாட்களில் அலைகரை முழுக்க நடந்தேன். நடந்த நாட்களில்தான் நல்ல படம் கிடைத்தது. கோடையில் தண்ணீர் வற்றி, மிச்சத் தண்ணீரில் நத்தைகொத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டமாக இறங்கும்போது நீங்கள் நடந்துதான் கிட்டப் போக வேண்டும். அந்த நாட்களில் விடிய முன்னம் யானையும் தண்ணீருக்கு வரும். உங்கள் தண்ணிமுறிப்பிலும் அப்படித்தான் இருக்கும். கண்டால் எந்தக் கமராவாக இருந்தாலும் உடனே திரும்பி விடுங்கள்.

மீன்கொத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓஎம்-1ஐ நான் கைவிடாததற்கு அதுதான் காரணம். துருசின் இரும்புக் கம்பியில் வந்து உட்காரும். தலையை ஒருமுறை கீழே சரிக்கும். அதைக் கண்டு நீங்கள் அழுத்துவதற்குள் தண்ணீரில் வளையம்தான் இருக்கும். ஓஎம்-1இல் புரோ கப்சர் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்தால், அழுத்துவதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து வைத்திருக்கும். குவியத்தைத் தொடர்ந்துகொண்டே செக்கனுக்கு 50 படம் வரை, அதுவும் ரா கோப்பாக. என் மனிதக் கை பிந்துகிற அந்தக் கால் செக்கனை அது திருப்பித் தருகிறது. சிறகை ஒடுக்கி, அலகு தண்ணீரைத் தொட ஒரு சாண் இருக்கும்போது எடுத்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. கண்ணின் மேல் அந்த மெல்லிய தோல் மூடத் தொடங்கியிருக்கிறது. பத்து வருடம் அதே கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தும் அதை நான் முதன்முதல் கண்டது அந்தப் படத்தில்தான். இசட்8இலும் இதே வசதி உண்டு, ஆனால் ஜேபெக் மட்டும் தரும். பறக்கிற பறவையின் கண்ணைத் தொடர்ந்து பிடிப்பதில் இசட்8 ஒரு படி மேல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2024 மாசியில் வந்த 2.00 மென்பொருளோடு பறவைக்கென்று தனியாக ஒரு தெரிவு வந்தது. அதற்குப் பிறகு செம்பருந்து திரும்பித் திரும்பிச் சுற்றினாலும் விடுவதில்லை.

ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் கானல் எழும். அதற்கு மேல் எந்தச் சென்சரும் உதவாது. வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

கூத்துக்கு வருவோம். போன பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் கூத்து நடந்தது. களரியின் நான்கு மூலையிலும் எல்ஈடி பல்ப், ஒரு பக்கம் தீப்பந்தம். ஓஎம்-1இல் 75 எஃப்/1.8 போட்டேன். இசட்8இல் 85 எஃப்/1.8 போட்டு, அதே அளவு முகம் வருவதற்குக் கிட்டப் போய் நின்றேன். இரண்டிலும் எஃப்/1.8, 250இல் ஒரு செக்கன், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 3200. இங்கே எஃப் எண் இரண்டிலும் ஒன்றுதான். அதனால் லென்ஸ் வாய் கைகொடுக்காது, இரண்டு ஸ்டொப் வித்தியாசமும் முழுதாக வந்துவிடும்.

கண்ணகி வேடம் கட்டிய பெடியன் சிலம்பைத் தூக்கிக்கொண்டு தீப்பந்தத்தின் பக்கம் திரும்புகிறான். முகத்தின் வெளிச்சப் பக்கம் இரண்டு கமராவிலும் அருமை. இருட்டுப் பக்கத்தில்தான் பிரிகிறது. இசட்8 படத்தில் வியர்வையில் அரிதாரம் கரைந்து தாடையோரம் ஒரு கோடாக இறங்குவது தெரிகிறது. அந்தக் கோட்டுக்குள் அவனுடைய சொந்தத் தோல் நிறமும் தெரிகிறது. ஓஎம்-1 படத்தில் அந்த இடம் ஊதாப் பொட்டுகளாக இருக்கிறது. இதைத்தான் குருணல் என்பது. குருணல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் பொட்டுப் போகும், அந்தக் கோடும் சேர்ந்து போய்விடும். தீயின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வெள்ளை நிறத்தைச் சரிப்படுத்தும்போது கமரா நீலத்தைத்தான் பல மடங்கு தூக்குகிறது, அதனால் குருணல் முதலில் அங்கேதான் எழும். மண்டபத்து வெள்ளை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 3200 ஓஎம்-1க்குப் பெரிய விசயம் இல்லை. தீப்பந்தத்தின் முன்னால் அதே 3200 கஷ்டப்படுத்தும்.

சின்னச் சென்சருக்கும் அந்த இரவில் ஒரு நன்மை இருந்தது. எஃப்/1.8இல் அதன் குவிய ஆழம் ஃபுல் ஃப்ரேமின் எஃப்/3.6 அளவு. கோவலனும் மாதவியும் ஒருவருக்குப் பின் ஒருவர் நின்றபோது இரண்டு முகமும் தெளிவாக வந்தன. இசட்8இல் ஒரு முகம் தெளிவு, மற்றது கலங்கல்.

பல்ப் வெளிச்சத்தில் இன்னொரு கவனம் வேண்டும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான பல்புகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும். இசட்8இல் பொறிமுறைச் சட்டர் கிடையாது, முழுக்க எலக்ட்ரோனிக். சென்சரை மிக வேகமாக வாசிப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனாலும் ஒரு பல்பின் கீழ் எனக்குப் படத்தில் பட்டை விழுந்தது. 100இல் ஒரு செக்கனுக்கு இறக்கினால் பட்டை போய்விடும், ஆட்டக்காரரின் கை கலங்கும். ஓஎம்-1இல் பொறிமுறைச் சட்டருக்கு மாற்றிவிடலாம். மற்றப்படி இசட்8இன் சத்தமின்மை கோயிலுக்குள் பெரிய வரம். அதில் கேட்கிற கிளிக் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருவது, அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்து நான் சொல்வது இது. எனக்கு ஓஎம்-1 போதும், ஏனென்றால் என் வேலை குளம். உங்கள் வேலை இரவு. கல்யாணமும் இரவு, கூத்தும் இரவு. நீங்கள் இசட்8 பக்கம் போங்கள்.

மருதமரம் எழுதியது:

அண்ணா, இவ்வளவு விபரமாக யாரும் சொல்லித் தரவில்லை. மிகவும் நன்றி. இரண்டு கேள்வி. ஓஎம்-1 மலிவு என்றுதான் அதைப் பட்டியலில் வைத்திருந்தேன். இசட்8 எடுத்தால் பறவை லென்ஸுக்குக் காசு மிஞ்சாது. என்னிடம் இருக்கிற லென்ஸ்களை (18-140, 50 எஃப்/1.8ஜி) அதில் போடலாமா? மற்றது, கல்வெட்டுக்குப் பெருப்பிக்கிற வேலை எங்களுக்கு நிறைய வருகிறது. பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு பெரிதாக்கித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அதற்கு எது நல்லது? எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அம்மம்மாவின் ஒரே படம். ஈரம் பட்டுக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது.

பனிநாட்டான் எழுதியது:

துருசடி அண்ணை சொன்னதில் ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன், புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்பாமல் இருக்க. எஃப்/1.8 எந்தச் சென்சரிலும் எஃப்/1.8தான். ஒரே வெளிச்சத்தில் ஒரே சட்டர் வேகமும் ஒரே ஐஎஸ்ஓவும்தான் வரும், படம் இருட்டாகாது. குவிய ஆழத்தையும் குருணலையும் ஒப்பிடும்போது மட்டும்தான் இரண்டால் பெருக்க வேண்டும். இது தெரியாமல் நான் முதல் வருடம் முழுக்கச் சட்டரைத் தேவையில்லாமல் இறக்கி வைத்து எடுத்தேன்.

துருசடி எழுதியது:

தம்பி சொன்னது சரி.

தங்கச்சி, முதலில் காசு. வெளிவந்தபோது அமெரிக்க விலை, ஓஎம்-1 மார்க் 2 சுமார் 2,400 டொலர், இசட்8 சுமார் 4,000. வித்தியாசம் 1,600. ஆனால் பறவைக்கு 300 எஃப்/4 வாங்கினால் அது வெளிவந்தபோது 2,500. மருமகனுடைய 180-600 சுமார் 1,700. கூட்டிப் பாருங்கள், 4,900க்கும் 5,700க்கும் வந்து நிற்கும். வித்தியாசம் பாதியாகிவிட்டது. இங்கே கடை விலை வேறு, ஆனால் இந்தக் கணக்கை லென்ஸோடு சேர்த்துத்தான் போட வேண்டும். லென்ஸ் இல்லாத கமராவை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவெடுத்துவிடாதீர்கள். வவுனியாத் தம்பி சொன்ன இசட்6 III நான் கையால் தொட்டதில்லை. காசு இறுகினால் அதையும் பாருங்கள், சென்சர் அளவு ஒன்றுதான்.

உங்கள் இரண்டு லென்ஸும் எஃப்டிஇசட் 2 என்ற இணைப்பான் போட்டால் இசட்8இல் தானாகக் குவியும். 50 எஃப்/1.8ஜி முழுச் சென்சரையும் நிரப்பும், கூத்துக்கு உடனே கைகொடுக்கும். 18-140 உங்கள் டி7200இன் நடுத்தரச் சென்சருக்குச் செய்தது என்பதால் கமரா ஓரத்தை வெட்டி 19 மெகாபிக்சல் அளவில் தரும். அதுவும் மோசமில்லை. இரண்டு வருடம் இப்படி ஓட்டலாம், பறவை லென்ஸ் பிறகு வரட்டும்.

இனி நீங்கள் கடைசியாகக் கேட்டது. இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. 2009க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு படம் மிஞ்சியிருந்தாலே பெரிய காரியம். அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அடையாள அட்டையிலும், பள்ளிக்கூடப் பதிவிலும், சொந்தக்காரர் வீட்டுச் சுவரிலும் இருந்ததுதான் மிச்சம். அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நான் கூலி வாங்குவதில்லை.

இந்த வேலையில் சின்னச் சென்சர்தான் என் கைக்கு நல்லது. பாஸ்போர்ட் படம் 35க்கு 45 மி.மீ. ஓஎம்-1இன் சட்டம் நான்குக்கு மூன்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வடிவம், ஓரத்தில் எதுவும் வீணாகாது. 60 மி.மீ. மக்ரோ லென்ஸ், 185 கிராம்தான், அதில் படத்தை நிரப்ப மூன்றில் ஒரு பங்கு உருப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் மேல் போனால் போதும். ஃபுல் ஃப்ரேமில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக வேண்டும். அவ்வளவு கிட்டப் போனால் லென்ஸின் நிழலே படத்தில் விழப் பார்க்கும். அப்புறம், முக்காலியில் வைத்தால் ஓஎம்-1 சென்சரை மயிரளவு அசைத்து அசைத்து எட்டுப் படம் எடுத்து, தானே சேர்த்து 80 மெகாபிக்சல் கோப்பாகத் தரும். அசையாத பொருளுக்கு மட்டும்தான், பழைய படம் அசையாதே. இசட்8இலும் இந்த வசதி 2.00 மென்பொருளோடு வந்தது, ஆனால் கணினியில் வைத்துச் சேர்க்க வேண்டும்.

வெளிச்சம் இரண்டு பக்கமும் 45 பாகையில். பழைய கருப்பு வெள்ளைப் படங்களில் வெள்ளி மேலே வந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். அப்போது விளக்கை இன்னும் தாழ்த்த வேண்டும். கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்கவே பார்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். அப்படியே கண்ணாடிக்கு மேலாலேயே எடுக்கலாம். கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதற்குள் லென்ஸை நுழைத்தால் எங்கள் நிழலும் கண்ணாடியில் விழாது.

ஆவணி வரைக்கும் இரண்டு கமராவும் என்னிடம்தான். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னம் ஒருநாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டையும் தருகிறேன், நீங்களே எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். அம்மம்மாவின் படத்தையும் சட்டத்தோடு கொண்டு வாருங்கள்.

வவுனியாக்காரன் எழுதியது:

அண்ணை, கண்ணாடி ஒட்டிய படத்தைப் பிரிக்கப் போய் ஒரு வீட்டுக்காரரின் படத்தை நான் பழுதாக்கியிருக்கிறேன். இன்றைக்கும் அந்த வீட்டுப் பக்கம் போனால் மனம் கனக்கும். கறுப்புத் துணி விசயத்தை இனிச் செய்கிறேன்.

மருதமரம் எழுதியது (மூன்று கிழமைக்குப் பிறகு):

அண்ணா வீட்டுக்குப் போய் வந்தோம். அக்கா கையால் மத்தியானச் சாப்பாடும் கிடைத்தது. இரண்டு கமராவையும் நம்பித் தந்து அனுப்பினார். பொங்கல் இரவு தம்பி ஓஎம்-1, நான் இசட்8.

கோயில் வெளியில் வரிசையாக அடுப்பு, புகை, அடுப்பு வெளிச்சத்தில் முகங்கள். அண்ணா சொன்ன நீலக் கதையைக் கண்ணால் கண்டேன். ஒரு வயதான அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். இரண்டு கமராவிலும் அவர் இருக்கிறார். பானையின் கரி படிந்த பக்கத்தில், கரிக்குள் விபூதிக் குறி இழுத்த மூன்று விரல் தடம் இசட்8 படத்தில் தனித்தனியாகத் தெரிகிறது. ஓஎம்-1 படத்தில் ஒரு வெளிறிய பட்டையாக இருக்கிறது. ஆனால் இடையில் ஒரு மழைத் தூறல் வந்தபோது நான் இசட்8ஐப் பைக்குள் வைத்தேன், தம்பி பாட்டுக்கு எடுத்துக்கொண்டே நின்றான். தூசும் தூறலும் தாங்கும் என்பதற்கு ஐபி53 என்று அதற்கு இலக்கம் இருக்கிறதாம். சனம் ஓடுகிற நல்ல படங்கள் அவனிடம்தான் இருக்கின்றன. விடியும்போது என் பற்றரி இரண்டாவது முடிகிற நிலை, அவனுடையது முதலாவதே முடியவில்லை.

இசட்8க்குச் சொல்லிவிட்டோம். எஃப்டிஇசட் 2உம் சேர்த்து. பறவை லென்ஸ் அடுத்த சீட்டுக்கு. அதுவரை தண்ணிமுறிப்புக்குப் பழைய டி7200ஐக் கொண்டு போகிறேன்.

அம்மம்மாவின் படத்தை அண்ணா அன்றைக்கே எடுத்துத் தந்தார். வீட்டில் கணினியில் பெரிதாக்கிக் காட்டினேன். பூஞ்சணம் பிடித்த இடம் பிடித்தபடிதான் இருக்கிறது, ஆனால் சேலைக் கரையில் சின்னச் சின்ன உருத்திராக்கக் கோலம் தெரிகிறது. சுவரில் தொங்கியபோது அது யாருக்கும் தெரிந்ததில்லை. அம்மா கிட்ட வந்து பார்த்துவிட்டு, அது மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை, அந்தச் சேலையில்தான் தன்னை ஏணை கட்டி ஆட்டினதாகப் பெரியம்மா சொல்லுவா என்றார். தம்பி அந்த நிறத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். போடலாமா அண்ணா?

துருசடி எழுதியது:

போடுங்கள், ஆனால் பிரதியில். நான் தந்த ரா கோப்பையும் 80 மெகாபிக்சல் கோப்பையும் தொடாமல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். அம்மா சொன்ன நிறத்தையும் ஏணைக் கதையையும் இன்றைக்கே எழுதி அந்தக் கோப்புகளோடு போட்டு வையுங்கள். மாம்பழ மஞ்சள் என்றால் எந்த மாம்பழம் என்றும் கேளுங்கள். கறுத்தக்கொழும்பான் மஞ்சள் வேறு, விளாட்டு மஞ்சள் வேறு.